சுகாதாரத் துறைக்குப் போகும் மலைப் பிள்ளைகளுக்கு எந்தப் பட்டம்? நான்கு வழிகள், ஒரு தேர்வு

நீலகிரியில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரி, சுகாதாரத் துறையில் வேலை பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்காகப் பல துறைகள் கலந்த ஒரு பட்டப்படிப்பை வடிவமைக்க வேண்டும் என்றால் எப்படி வடிவமைப்பது? உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழுகிறது. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள், 2025இல் திறந்த 700 படுக்கை மருத்துவமனை. "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வந்திருக்கே மேடம், நம்ம பிள்ளைங்களுக்கு அதுல ஒரு வேலை இருக்காதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த மலையில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இதை நான் பல நாளாக யோசித்துவருகிறேன். என் முன்னால் நான்கு வழிகள் தெரிகின்றன. அவற்றில் ஒன்றைத்தான் நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன்.

வழிகளுக்குள் போகும் முன், வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த யோசனை பெரும்பாலும் அங்கிருந்துதான் நமக்கு வருகிறது. அமெரிக்காவில் மருத்துவம் என்பது இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு சேரும் படிப்பு. வரலாறோ தத்துவமோ இலக்கியமோ நான்கு ஆண்டு படித்துக்கொண்டே, தேவையான அறிவியல் தாள்களையும் முடித்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987இலிருந்தே கலைப் பாட மாணவர்களுக்குத் தனி வழி வைத்திருக்கிறது. அந்த நாட்டின் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில், 2015இல் உளவியலுக்கும் சமூகவியலுக்கும் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். அங்கே கலைப் படிப்பின் முடிவில் மருத்துவக் கல்லூரியின் வாசல் இருக்கிறது.

நம் நாட்டில் அந்த வாசல் ப்ளஸ் டூவிலேயே இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், அப்புறம் நீட். கையில் பி.எஸ்சி. இருக்கிறது என்பதற்காக எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. பி.எஸ்சி. நர்சிங்கும் ப்ளஸ் டூ முடித்துச் சேர வேண்டியதுதான். சுகாதார ஆய்வாளர் ஆகவும் அதற்கென்று இரண்டு ஆண்டுப் பயிற்சி தனியாக உண்டு, இளங்கலைப் பட்டம் அதற்கு ஈடாகாது. எனவே "டாக்டர் ஆவதற்கு முன்படிப்பு" என்று அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால், மூன்று ஆண்டு முடிந்து பிள்ளை போய் நிற்கும் இடத்தில் கதவு இருக்காது. இதைச் சேர்க்கையின் போதே சொல்லாத எந்தக் கல்லூரியும் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கிறது.

அப்படியானால் யாருக்காக இந்தப் படிப்பு? மருத்துவர் வேலையும் செவிலியர் வேலையும் அல்லாத, ஆனால் அவர்களோடு சேர்ந்து நடக்கும் வேலைகளுக்காக. அப்படிப்பட்ட வேலைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். உறுப்பு தானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பு மாற்று அறுவை செய்யப் பதிவு பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையிலும் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் அந்த வேலைக்கு வரலாம். சமூகப்பணி, சமூகவியல், உளமருத்துவம், பொதுச் சுகாதாரம் போன்றவற்றில் முதுகலை இருந்தால் முன்னுரிமை. மூளைச்சாவு அடைந்த பையனின் அம்மாவிடம் போய்ப் பேச வேண்டியவர் இவர்தான். மூளைச்சாவு என்றால் உடலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும், அந்தக் குடும்பத்தில் இறுதிச் சடங்கு எப்படி நடக்கும், உடல் எத்தனை மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். எந்த ஒரு துறையின் பாடத்திட்டமும் இதை முழுதாகச் சொல்லித் தராது. எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களின் ஆலோசகர்கள், மரபியல் ஆலோசகர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையில் உட்காருபவர்கள், பொதுச் சுகாதார ஆய்வுகளில் களப்பணி செய்பவர்கள், முதியோர் பராமரிப்பை ஒருங்கிணைப்பவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களை மனத்தில் வைத்துத்தான் நான்கு வழிகளையும் எடைபோடுகிறேன்.

முதல் வழி: துணை மருத்துவப் பட்டம்

ஆய்வகத் தொழில்நுட்பம், டயாலிசிஸ், கதிரியக்கம், கண்பார்வைப் பரிசோதனை போன்ற பட்டங்கள் இவை. வேலைக்கு நேர் வழி. இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. பிள்ளைக்கு எந்த வேலை வேண்டும் என்பதில் தெளிவு இருந்து, குடும்பத்துக்குச் சீக்கிரம் சம்பளம் தேவைப்பட்டால் இதையே எடுக்கச் சொல்வேன்.

ஆனால் கலை அறிவியல் கல்லூரி தனியாக இதை நடத்த முடியாது. படுக்கைகளோடு கூடிய மருத்துவமனையின் பின்னணி வேண்டும், தமிழ்நாட்டில் இது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஆய்வகமும் பிசியோதெரபியும் மட்டுமில்லாமல் ஊட்டச்சத்து, உளவியல் ஆலோசனை, மருத்துவமனைச் சமூகப்பணி போன்றவையும் அதன் பட்டியலில் இருக்கின்றன. 2025 சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட இத்தகைய படிப்புகளைத் தொலைதூர வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. இந்தப் பெயர்களில் எதையாவது தன் பட்டத்துக்குச் சூட்ட நினைக்கும் கல்லூரி முதலில் அந்தச் சட்டத்தின் அட்டவணையை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இது இயந்திரத்தையும் மாதிரியையும் நன்றாகக் கையாளக் கற்றுத்தரும் படிப்பு. மனிதரோடு நீண்ட நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய வேலைக்கு இதில் மிகக் குறைந்த இடமே இருக்கிறது.

இரண்டாவது வழி: பழைய பட்டத்தோடு ஒரு சான்றிதழ்

சனிக்கிழமை வகுப்பு, நாற்பது ஐம்பது மணி நேரம், கடைசியில் ஒரு சான்றிதழ். செலவு குறைவு, யாருடைய அனுமதிக்கும் பெரிதாக அலைய வேண்டாம். அதனால்தான் எல்லோரும் முதலில் இதற்குத்தான் போகிறார்கள். பந்தலூரிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ வரும் பிள்ளைக்குச் சனிக்கிழமை வகுப்பு என்றால் வாரத்தில் இன்னொரு நாள் மலைப்பாதையில் போய்வரும் நாள். மழைக்காலத்தில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். முதன்மைப் பாடத்தோடு ஒட்டாத எதையும் மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் மறந்துவிடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது வழி: புதிய பெயரில் புதிய பட்டம்

ஆசை காட்டும் வழி இதுதான். "சுகாதாரமும் சமூகமும்", "மருத்துவ மானுடவியல்" என்பதுபோல ஒரு பெயர். முதல் பருவத்திலிருந்தே உயிரியலும் சமூகவியலும் அறவியலும் புள்ளியியலும் ஒன்றோடொன்று பின்னி வரும். பாடத்திட்டம் எழுதுகிறவருக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை கிடையாது. வெற்றுத் தாளில் தொடங்கலாம். எந்தத் துறையின் பழைய வழக்கமும் குறுக்கே நிற்காது. பிள்ளைகளும் ஒரே வகுப்பாக மூன்று ஆண்டு சேர்ந்து படிப்பதால் தங்களுக்குள் ஒரு குழுவாக உருவாவார்கள். கல்வித் தரம் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் நான்கில் இதுவே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தமிழ்நாட்டில் பட்டத்தின் பெயருக்குத் தனியாக ஒரு கனம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட பட்டம் கேட்கும் பதவிக்கு வேறு பெயருள்ள பட்டத்தோடு விண்ணப்பித்தால், அது இதற்கு இணையானது என்று அரசாணை காட்ட வேண்டும். அதுவும் அறிவிக்கை வந்த தேதிக்கு முன்பே வந்த அரசாணையாக இருக்க வேண்டும். பி.எட். சேர்வதற்கும் ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கும் இதே சிக்கல். "பயன்பாட்டு" என்றோ "சிறப்பு" என்றோ ஒரு சொல் முன்னால் ஒட்டியிருந்ததற்காக இணைத்தன்மைச் சான்றுக்கு அலைந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கிய பட்டத்தில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சேரும் பிள்ளைகள் இந்த அலைச்சலை முழுதாகச் சுமப்பார்கள்.

சுமக்கப்போகும் பிள்ளைகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெருநகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு பட்டம் படிக்கிற பிள்ளைக்கு, அது செல்லுபடியாகாவிட்டால் இன்னொரு படிப்புக்கு அனுப்பக் குடும்பம் இருக்கும். நம் வகுப்பில் இருப்பவர்கள் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வருகிறவர்கள், ஹட்டி எனப்படும் படுகர் ஊரில் அரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் வைத்திருக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள், தங்கள் கிராமத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் பணியர், இருளர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகள். குரூப் டூவும் குரூப் ஃபோரும் பி.எட்.டும் இவர்களுக்குக் கடைசிப் பிடிமானம். எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதக்கூடிய தேர்வுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பாடம் கேட்கும் ஒவ்வொரு பதவியிலும் இவர்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். பாடத்திட்டம் எழுதியவர்களின் மகிழ்ச்சிக்காக அந்தப் பிடிமானத்தை நாம் தளர்த்தக் கூடாது.

நான்காவது வழி: பெயர் பழையது, உள்ளே புதிய சரடு

என் தேர்வு இது. பி.எஸ்சி. விலங்கியல் பி.எஸ்சி. விலங்கியலாகவே இருக்கட்டும். பி.ஏ. வரலாறு, பி.ஏ. தமிழ், பி.காம். எல்லாம் அப்படியே இருக்கட்டும். பட்டத்துக்குள் நமக்குக் கிடைக்கும் இடங்களைச் சேர்த்து, மூன்று ஆண்டும் தொடர்ந்து ஓடும் ஒரு சுகாதாரச் சரடைக் கோத்துவிடலாம்.

இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. நீலகிரிக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பட்டம் 140 கிரெடிட். பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும் விருப்பப் பாடமும், நான்கில் சுற்றுச்சூழலும் திறன் சார்ந்த தாள்களும், ஐந்தில் விரிவாக்கப் பணி. முதன்மைப் பாடத்தைத் தொடாமலேயே துணைப் பாடம், விருப்பப் பாடம், திறன் தாள், விரிவாக்கம் என்று நான்கு இடங்களில் கை வைக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் பாடத்திட்டக் குழுவே முடிவெடுத்துவிடும். இல்லாவிட்டால் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் பேசி வாங்க வேண்டும். அதற்கு ஓராண்டு ஆகலாம். புதிய பட்டத்துக்கு அனுமதி வாங்கும் அலைச்சலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

சரி, அந்தச் சரடில் என்ன இருக்க வேண்டும்? எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. மையமாக நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன்.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகையைப் பற்றி மூன்று துறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு தாள் வேண்டும். இந்தியாவில் இந்த நோயின் மரபணுக்கூறு இருப்பதை முதன்முதலில் பதிவு செய்தது 1952இல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமனும் கட்புஷ்ஷும் அந்த ஆய்வைச் செய்தார்கள். கோத்தகிரியில் 1958இலிருந்து இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் 1990இல் அஸ்வினி அமைப்பு தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையும் இந்த நோயோடு நீண்ட காலமாகப் போராடிவருகின்றன. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு 2047க்குள் இதை ஒழிக்கும் இயக்கத்தையும் தொடங்கியது. இவ்வளவும் நம் வாசலில் நடக்கிறது. நம் விலங்கியல் வகுப்பில் இது மெண்டல் விதிக்கு ஓர் எடுத்துக்காட்டாக வந்து கால் பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

கணக்கு எளிது. தாயும் தகப்பனும் இருவருமே மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் இதைச் சரியாக எழுதிவிடுவார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போதுதான் பாடம் தொடங்குகிறது. முதல் பிள்ளைக்கு நோய் இருக்கும் தாய், "அப்போ அடுத்த மூணும் நல்லா இருக்கும், இல்லையாம்மா?" என்று கேட்பார். நான்கில் ஒன்று என்றால் அவருக்கு அப்படித்தான் கேட்கிறது, அதில் தப்பே இல்லை. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு புதிதாகத் தொடங்குகிறது என்பதை எந்தச் சொற்களில் சொல்வது? ஒருவருக்கு மரபணு இருக்கிறது என்ற செய்தி ஊருக்குள் கசிந்தால், பத்துப் பதினைந்து வீடே உள்ள கிராமத்தில் அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு என்னவாகும்? பரிசோதனை முடிவை யாரிடம் சொல்வது, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாமா? மரபியல் ஆசிரியரும் சமூகவியலோ வரலாறோ படித்தவரும் தமிழ் ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் நின்றால்தான் இதற்குப் பதில் தேட முடியும். மேலும் குளிரும் உடலில் நீர் குறைவதும் இந்த நோயாளிக்கு வலியைக் கிளப்பிவிடும். டிசம்பர் உறைபனியில் உதகை விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பணியர் பிள்ளைக்கு இது வெறும் பாடமாக இருக்காது. விடுதிக் காப்பாளருக்கும் இந்தத் தாளின் முதல் பாடத்தை நடத்த வேண்டும் என்பேன்.

அடுத்து, கொடைக்கானல் பாதரசம். பழனி மலையில் நடந்ததைப் பாடமாக வைக்காமல் மலைக் கல்லூரி ஒன்று சுகாதாரம் பேசக் கூடாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1983இல் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திடம் போயிற்று. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பது வெளிவந்து, எதிர்ப்புக் கிளம்பி, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. உடல்நலப் பாதிப்பைத் தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. சாதாரண அறை வெப்பத்திலேயே பாதரசம் ஆவியாகும் என்பது வேதியியல். அது சிறுநீரகத்தையும் நரம்பையும் என்ன செய்யும் என்பது உடலியங்கியல். மண்ணில் எத்தனை மில்லிகிராம் மிஞ்சலாம் என்று யார் முடிவு செய்வது என்பது சட்டமும் அரசியலும். பதினைந்து ஆண்டு காத்திருந்த ஒரு தொழிலாளியின் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதுவது மொழிப் பாடம். இந்த நான்கையும் நான்கு கட்டடங்களில் தனித்தனியாக நடத்தினால், நடந்தது என்ன என்பதே பிள்ளைக்குப் புரியாது.

மூன்றாவது, களம். ஒரு பிள்ளைக்கு ஓர் ஊர், மூன்று ஆண்டும் அதே ஊர். இந்த ஒன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன். சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தில் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைக்கும் பழக்கம் நெடுங்காலமாகப் படிப்பின் ஒரு பகுதியாக இருக்கிறது. மருத்துவம் படித்த டாக்டர் சௌந்தரம் 1947இல் உருவாக்கிய இடம் அது. கல்வியையும் சுகாதாரத்தையும் பிரித்துப் பார்க்காதவர் அவர். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் இப்போது மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் திட்டம் வந்துவிட்டது. உதகை மருத்துவ மாணவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே ஊருக்குச் சேர்ந்து போகலாமே என்பது என் ஆசை.

முதல் ஆண்டில் எதையும் "ஆய்வு" செய்ய வேண்டாம். ஊரை நடந்து பார்க்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், யானை நடமாடும் காலத்தில் மாலை ஆறுக்கு மேல் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்காவோடு வீடு வீடாகப் போகட்டும். மாத்திரைச் சீட்டு பாடமாவது அப்போதுதான்.

சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கிறது, காலை உணவுக்குப் பின், இரவு உணவுக்குப் பின். சர்க்கரை மாத்திரை.

"அக்கா, காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"காலைல எங்க கண்ணு சாப்பிடறது? டீ குடிச்சிட்டு ஓடுறதுதான். சோறு பத்து மணிக்குத் தோட்டத்துல."

"மாத்திரை எப்ப போடுறீங்க?"

"வீட்ல கிளம்பும்போதே போட்டுட்டுப் போயிருவேன். தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போனா நனைஞ்சிரும்."

வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் மூன்று மணி நேரம் சரிவில் கொழுந்து பறிப்பு, முதல் எடை போட்டபின் சாப்பாடு. தலைசுற்றல் ஏன் வருகிறது என்று இனி யாருக்கும் விளக்க வேண்டாம். அதே பெண் பகல் முழுக்கத் தண்ணீரும் குறைவாகத்தான் குடிப்பார். தேயிலைக் காட்டில் கழிப்பறை கிடையாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிநீரும் கழிப்பிடமும் மருத்துவ வசதியும் தர வேண்டும் என்றது. சட்டம் படித்த பிள்ளை அதைத் தேடிப் பிடிக்கும், உயிரியல் படித்த பிள்ளை சிறுநீர்த் தொற்றோடு அதைச் சேர்க்கும், வணிகவியல் படித்த பிள்ளை அந்த வசதிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடும். மருத்துவரிடம் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்குள் இத்தனையும் வெளிவர வழியில்லை.

நம் வகுப்பறைகளில் ஏற்கெனவே ஒரு பெரிய செல்வம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வகுப்பில் படுகர்களின் படுகு மொழி பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் புரிகிறவர், இருள மொழியும் பணிய மொழியும் வீட்டில் பேசுகிறவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொல்வது புரியாமல் நிற்கும் பாட்டிக்கு இவர்களில் ஒருவர் போதும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்று வேலை செய்வதைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வீட்டு மொழியில் நோய் பற்றிப் பேசி, அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பாக எழுதும் பயிற்சிக்கு நான் மதிப்பெண் தருவேன். அந்த மொழிக்குக் கல்லூரி வாழ்க்கையில் மதிப்பெண் கிடைப்பது அதுவே முதல் முறையாக இருக்கும்.

நான்காவது வழியின் ஓட்டைகள்

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. எல்லாத் துறைக்கும் பொது என்றால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகலாம். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருக்கும் வரை ஓடும், அவருக்கு இடமாறுதல் வந்ததும் நின்றுவிடும். இதற்கு ஒரே மருந்து, ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்து அவருடைய வகுப்பு நேரத்தைக் குறைத்துத் தருவது. இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யார் தலையிலாவது கட்டினால் இரண்டாம் ஆண்டே முடிந்துவிடும். இரண்டு பேர் வேண்டும் என்று கேட்பேன், ஓர் அறிவியல் துறையிலிருந்தும் ஒரு கலைத் துறையிலிருந்தும்.

சான்றிதழில் தெரியாது என்பது இன்னொரு குறை. நேர்காணலுக்குப் போகும் பிள்ளையின் கையில் "பி.ஏ. வரலாறு" என்றுதான் இருக்கும். எனவே சரடில் உள்ள தாள்களின் பெயர்களைத் தெளிவாக வைத்து, மதிப்பெண் பட்டியலில் அவை பார்த்த உடனே தெரியும்படி செய்ய வேண்டும். "மேம்பாட்டுத் திறன் - 3" என்று பெயர் வைத்தால் அது யாருக்கும் எதையும் சொல்லாது. "மரபணு நோயும் குடும்பமும்" என்று வைத்தால் தானே பேசும். பொதுச் சுகாதாரம், சமூகப்பணி, மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றில் முதுகலைக்குப் போகும்போது அந்தப் பட்டியல்தான் பிள்ளைக்குக் கைகொடுக்கும். இந்தத் துறையில் நல்ல வேலைகள் பெரும்பாலும் முதுகலைக்குப் பிறகே வருகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் வழியில் கிடைக்கும் உடனடிச் சம்பளத்தோடு இந்த வழி போட்டியிட முடியாது.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு வீட்டுக்குள் போய் நோயைப் பற்றிக் கேட்கிறது. கேட்டதை விடுதியில் தோழியிடம் சொன்னால் போதும், மறுநாள் ஊருக்கே தெரியும். மலை ஊர்கள் அவ்வளவு சின்னவை. சம்மதம் கேட்பது, பெயர் எழுதாமல் குறிப்பெடுப்பது, மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ சொல்லாமல் இருப்பது, கேள்வியைச் செவிலியரிடம் கொண்டுபோவது என இவற்றில் தேறாத பிள்ளையை எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. இதில் சலுகை மதிப்பெண் கிடையாது. மூன்றாம் ஆண்டில் திரட்டிய தகவலை முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கல்லூரியில் சமர்ப்பிக்க வேண்டும்.

மருத்துவமனையோடு சேர்ந்த கல்வி நிறுவனமாக இருந்தால் முதல் வழியையே எடுக்கட்டும், அதற்குள் நான் சொன்ன மூன்று தாள்களையும் நுழைக்கட்டும். தன்னாட்சி பெற்ற கல்லூரி நான்காவது வழியில் இரண்டு மூன்று ஆண்டு மாணவர் சேர்க்கை நடத்திப் பார்த்து, இணைத்தன்மை அரசாணையையும் கையில் வாங்கிவிட்டு மூன்றாவது வழிக்குப் போனால் எனக்கு மகிழ்ச்சியே. அப்போது அதைப் படிக்கும் பிள்ளைக்கு அலைச்சல் இருக்காது. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் இருக்கும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு இப்போது பொருந்துவது நான்காவதுதான்.

விலங்கியலும் வரலாறும் என்று இரண்டு துறைகளோடு தொடங்கினால் போதும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்தும் ஊராட்சி ஒன்றிலிருந்தும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு அறிவிக்கலாம். சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, பெற்றோர் கண்ணில் படும் எழுத்தளவில், இந்தப் படிப்பு உங்கள் பிள்ளையை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆக்காது என்று அச்சிட வேண்டும். எந்தெந்த முதுகலைக்கும் எந்தெந்தத் தேர்வுக்கும் போகலாம் என்பதை அதன் கீழே பெயர் சொல்லி எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டிய பிறகே விண்ணப்பத்தில் பெற்றோரின் கையெழுத்தை வாங்கலாம்.